கோத்தகிரிச் சரிவில் ஒரு பழைய க்ரூசர்: புதிதாக ஓட்டுபவருக்கு வண்டி தேர்ந்த விவரம்

2023 ஜனவரியில் என் அக்கா மகள் வந்து, "மாமா, எனக்கு ஒரு க்ரூசர் வண்டி வேண்டும். பழையதாகப் பார்த்து வாங்கித் தாருங்கள்" என்றாள். க்ரூசர் என்பது தாழ்ந்த இருக்கையும் நீண்ட உடலும் கொண்ட மோட்டார் சைக்கிள் வகை. அவளுக்கு வயது 26, உயரம் 155 சென்டிமீட்டர், எடை 52 கிலோ. குன்னூரில் ஒரு மருந்தகத்தில் வேலை. கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு வழியாகப் போக சுமார் 20 கிலோமீட்டர், வர 20 கிலோமீட்டர். ஐந்து ஆண்டுகளாக ஸ்கூட்டரில் போய்வந்தவள், கியர் வண்டியைத் தொட்டதே இல்லை. சேமிப்பில் 75,000 ரூபாய் வைத்திருந்தாள். வண்டி, பழுதுபார்ப்பு, தலைக்கவசம், மழைக்கோட்டு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

நான் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பு ஃபிட்டர். இந்த மலைச் சாலைகளில் 22 ஆண்டுகளாக மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன். தெரிந்தவர்கள் பலருக்குப் பழைய வண்டி பார்த்துக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் எல்லாரும் ஓட்டத் தெரிந்தவர்கள். புதிதாகக் கற்றுக்கொள்ளப் போகிறவருக்கு, அதுவும் மலையில், க்ரூசர் தேடியது இதுவே முதல் முறை. தொடங்கும்போது இரண்டு விஷயங்களில் உறுதியாக இருந்தேன்: மலைக்கு 200 சி.சி.க்குக் குறைந்த க்ரூசர் ஆகாது. இருக்கை தாழ்வாக இருந்தால் புதியவரின் பயம் பாதி போய்விடும். இரண்டுமே சரியில்லை என்று அடுத்த இரண்டு மாதங்களில் தெரிந்துகொண்டேன். அதனால்தான் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

அவள் ஏன் க்ரூசர் கேட்டாள்

சாதாரண மோட்டார் சைக்கிள்களின் இருக்கை பெரும்பாலும் 790, 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். அவள் உயரத்துக்கு அதில் நுனிக்கால்தான் எட்டும். சமதளத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. கோத்தகிரியில் ஏற்றத்தில் நின்று, முன்னால் போகும் பஸ் நகரக் காத்திருக்கும்போது, நுனிக்காலில் வண்டியைத் தாங்குவது புதியவருக்குப் பெரிய சோதனை. பஜாஜ் அவெஞ்சரின் இருக்கை உயரம் 737 மில்லிமீட்டர். அவள் ஓட்டிய ஸ்கூட்டரின் இருக்கையே சுமார் 765. ஸ்கூட்டரை விடத் தாழ்வான மோட்டார் சைக்கிள் என்றால் அவள் ஆசைப்பட்டதில் நியாயம் இருந்தது.

ஆனால் க்ரூசரின் தாழ்ந்த இருக்கைக்குப் பின்னால் வேறு சில விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. சக்கரங்களுக்கு இடையே தூரம் அதிகம். ஸ்கூட்டரில் சுமார் 1,250 மில்லிமீட்டர் என்றால் அவெஞ்சர் குடும்பத்தில் 1,480, 1,490. முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க் முன்னோக்கிச் சாய்ந்து நீண்டிருக்கும். நெடுஞ்சாலையில் நேராக, ஆடாமல் போக இவை உதவுகின்றன. அதே அமைப்பு கொண்டை ஊசி வளைவில் நடை வேகத்தில் திரும்பும்போது எதிராக நிற்கிறது: வளைய அதிக இடம் கேட்கும், ஹேண்டில் உள்பக்கமாகத் தானே விழப் பார்க்கும். கால் வைக்கும் இடம் முன்னால் இருப்பதால் பள்ளம் வரும்போது எழுந்து நின்று உடலைத் தூக்கிக்கொள்ள முடியாது; குழியின் அடி முழுவதும் முதுகெலும்புக்குப் போகும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் உடல் டேங்கை நோக்கி வழுக்கும்.

எடைதான் எல்லாவற்றிலும் முக்கியம். எங்கள் தெருவில் மட்டப்பலகை வைத்து அளந்து பார்த்தேன். எட்டு மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறுகிறது. அந்தச் சரிவில் வண்டியின் எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். 107 கிலோ ஸ்கூட்டர் என்றால் 13 கிலோ இழுப்பு. 150 கிலோ வண்டிக்கு 19. 190 கிலோ வண்டிக்கு 24. மூக்கு கீழே பார்த்து நிறுத்திய வண்டியைப் பின்னால் தள்ளி எடுக்க வேண்டும் என்றால் உட்கார்ந்தபடி காலால் உதைத்தே இந்த இழுப்பை வெல்ல வேண்டும். 52 கிலோ உடலுக்கு 24 கிலோ என்பது என்ன என்று காகிதத்தில் பார்த்தபோதே எனக்குச் சற்று உறைத்தது. நேரில் பார்த்தபோதுதான் முழுதாக விளங்கியது.

பார்த்த வண்டிகள்

முதலில் உதகையில் ஒரு ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்ட் 350, 2014 மாடல். உரிமையாளர் 78,000 கேட்டார், குறைப்பதாகவும் சொன்னார். வண்டி அழகாக இருந்தது. எஞ்சின் சத்தத்தில் குறையில்லை, முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். எடை 190 கிலோவுக்கு மேல். அவள் ஏறி உட்கார்ந்தாள், இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. முகம் மலர்ந்துவிட்டது. சமதளத்தில் என்றால் அந்த இடத்திலேயே முன்பணம் கொடுத்திருப்போம்.

அவர் வீட்டு வாசல் நல்ல சரிவு. எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியைச் சரிவில் கீழ்நோக்கி நிறுத்தி, "இப்போது பின்னால் எடு" என்றேன். நான் பக்கத்தில் நின்றேன், கை வைக்கவில்லை. மூன்று முறை முயன்றாள். வண்டி ஒரு சாண் கூட நகரவில்லை; நான்காம் முறை இடப்பக்கம் சாயத் தொடங்கியபோது பிடித்துவிட்டேன். இறங்கி நின்று மூச்சு வாங்கியபடி, "மாமா, இதை நான் ஓட்டிவிடுவேன். ஆனால் எங்கேயும் நிறுத்த முடியாது" என்றாள். இந்தத் தேடல் முழுவதிலும் சொல்லப்பட்ட மிகச் சரியான வாக்கியம் அதுதான். அன்றிலிருந்து எந்த வண்டியாக இருந்தாலும் சாவியைத் திருப்புவதற்கு முன் சரிவில் தள்ளிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். அதே நிறுவனத்திலிருந்து 2020 நவம்பரில் வந்த மீட்டியர் 350 அவள் மனத்தில் இருந்தது. அதன் எடை 191 கிலோ, விலையும் கைக்கு எட்டாது. பட்டியலிலிருந்து அதையும் எடுத்துவிட்டோம்.

அடுத்தது மேட்டுப்பாளையத்தில் ஒரு தரகரிடம் இருந்த அவெஞ்சர் க்ரூஸ் 220, 2016 மாடல், 46,000 ரூபாய். விலையைக் கேட்டே நான் ஓரளவு மயங்கினேன். போகும் முன் தொலைபேசியில், "நாங்கள் வந்து சேரும்வரை எஞ்சினை ஓட்டாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டேன். போய் எஞ்சின் பக்கவாட்டில் கை வைத்தால் சுட்டது. குளிர்ந்த எஞ்சின் முதல் முயற்சியில் எப்படிக் கிளம்புகிறது, புகை என்ன நிறம் என்பதெல்லாம் பழைய வண்டி தன்னைப் பற்றித் தானே சொல்லும் வாக்குமூலம். அதை மறைத்தவர் வேறு எதை மறைத்திருப்பார் என்ற கேள்வியோடுதான் மற்றவற்றைப் பார்த்தேன்.

முன்சக்கரத்துக்கு நேர் எதிரே பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தபோது ஃபோர்க்கின் இரு குழாய்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. ஹேண்டிலை முழுதாகத் திருப்பினால் போய் முட்டும் தடுப்பில் ஒரு நசுங்கல் இருந்தது. சாதாரணமாகக் கீழே விழுந்தால் அந்த இடம் நசுங்காது. எதிலாவது மோதியிருக்க வேண்டும். வலது ஃபோர்க் சீலில் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருந்தது. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பினேன், நடுவில் வந்ததும் ஒரு பள்ளத்தில் உட்காருவதுபோல் நின்றது. கோன்செட் (ஹேண்டில் சுழலும் பேரிங்) தேய்ந்து தடம் விழுந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. இதில் 2316 என்று இருந்தது. 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். தடம் நன்றாகவே இருந்தது, ஆனால் ஏழு வயதான ரப்பர் விரல் நகம் இறங்காத அளவுக்கு இறுகியிருந்தது. நனைந்த மலைச் சாலையில் அத்தகைய டயரை நம்பக் கூடாது.

இவற்றை எல்லாம் செலவு செய்து சரிப்படுத்தலாம் என்றே வைத்துக்கொள்வோம். அவளை உட்கார வைத்து ஹேண்டிலை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பச் சொன்னபோது வேறொன்று தெரிந்தது. க்ரூஸ் வகையில் ஹேண்டில் உயரமாகவும் அகலமாகவும் இருக்கும். முழுதாகத் திரும்பியதும் வெளிப்பக்கக் கைப்பிடி அவள் கையை விட்டு விலகிப்போனது. பிடிக்க உடலையே இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. இறுக்கமான வலது வளைவில் இடது கை கிளட்ச் லிவரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டிஷார் காலத்துச் சாலைகளின் வளைவுகள் இன்றைக்கும் இறுக்கமாகவே இருக்கின்றன. குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மட்டும் 14 கொண்டை ஊசி வளைவுகள். குட்டையான கைகளுக்கு அகன்ற ஹேண்டில் கொண்ட க்ரூசர் மலையில் ஆகவே ஆகாது. இதை எடை அளவுக்கு யாரும் பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

இடையில் சுசூகி இன்ட்ரூடர் 150 ஒன்றும் வந்தது. எடை 148 கிலோ, இருக்கை 740 மில்லிமீட்டர், ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உண்டு. எல்லாம் பொருந்தியது. உற்பத்தி நின்றுபோன வண்டி என்பதால், அதன் அகன்ற பிளாஸ்டிக் உறுப்புகள் உடைந்தால் கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு எங்கே தேடுவது என்று யோசித்து விட்டுவிட்டோம். சமவெளியில் இருப்பவர் வேறு முடிவு எடுக்கலாம்.

160 சி.சி. போதுமா?

மார்ச் முதல் வாரம் குன்னூரில் ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர் தம் அவெஞ்சர் ஸ்ட்ரீட் 160-ஐ விற்பதாகத் தெரிந்தது. 2019 மாடல், ஒரே உரிமையாளர், 14,300 கிலோமீட்டர் ஓடியது, 62,000 ரூபாய். எண்ணெய் மாற்றிய தேதிகளை ஒரு சிறு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. 160 சி.சி., 15 குதிரைத்திறன். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்று குறைந்தால் எஞ்சின் எரிக்கக்கூடிய எரிபொருளும் குறையும், அதே அளவுக்கு வலுவும் குறையும். 15 என்பது இங்கே 12 ஆகிவிடும். 220 சி.சி. வண்டியின் 19 குதிரைத்திறன் இங்கே 15 ஆகும். அந்த மூன்று குதிரைத்திறனுக்காக நான் வாதாடினேன்.

அவள் கேட்ட கேள்வி வேறு: "இப்போது ஓட்டும் ஸ்கூட்டருக்கு எவ்வளவு?" அதற்குக் கடல் மட்டத்திலேயே எட்டைச் சுற்றித்தான். ஐந்து ஆண்டுகளாக அதில்தான் அவள் இதே ஏற்றங்களை ஏறியிருக்கிறாள். பின்னால் யாரும் உட்காரப் போவதில்லை. சுமை என்று பார்த்தால் ஒரு சாப்பாட்டுப் பை. எனக்குப் பதில் இல்லை. நான் 75 கிலோ உடம்போடு, பின்னால் மனைவியை ஏற்றிக்கொண்டு ஓட்டும் என் பழக்கத்தை அவளுக்கு அளவுகோலாக வைத்திருந்தேன்.

சரிவுச் சோதனையில் வண்டியைக் காலால் உந்தி, சிரமப்பட்டாலும், பின்னால் எடுத்துவிட்டாள். ஹேண்டில் தாழ்வானது, முழுதாகத் திருப்பியும் இரு கைகளும் பிடியில் இருந்தன. எஞ்சின் குளிர்ந்திருந்தது. சோக் இழுத்ததும் கிளம்பியது, புகையில் நீலம் இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், காப்பித்தூள் நிறம். இது கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கருவி) வண்டி. சமவெளியில் சரிசெய்த கார்புரேட்டரை மேலே கொண்டுவந்தால் காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்து பிளக் கரி பிடிக்கும். குன்னூரிலேயே ஓடி, குன்னூருக்கே சரிசெய்யப்பட்ட வண்டி என்பதைப் பிளக் சொல்லிவிட்டது. மூன்றாம் கியரில் மெதுவாக ஏற்றத்தில் விட்டு ஆக்சிலரேட்டரைத் திருகினேன். கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தால் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி இழுக்காது. இது இழுத்தது.

பிரேக்தான் என்னை முழுதாகச் சம்மதிக்க வைத்தது. 2019 ஏப்ரல் 1 முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புதிய இரு சக்கர வாகனங்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். எனவே பழைய க்ரூசர் தேடுபவருக்கு 2019 என்பது ஒரு கோடு. இந்த வண்டியில் முன்சக்கரத்துக்கு மட்டும் ஏ.பி.எஸ்.; பின்னால் டிரம். சாவியைத் திருப்பியதும் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து, வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம், அணையவில்லை என்றால் சென்சாரில் கோளாறு. இதில் சரியாக எரிந்து அணைந்தது.

குறைகள் இருந்தன. இரண்டு டயரும் வண்டியோடு வந்தவை, நான்கு வயது. செயின் நீண்டு ஸ்ப்ராக்கெட் பற்கள் கூராகியிருந்தன. பிரேக் எண்ணெய் கடுங்காப்பி போலக் கறுத்திருந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். ஈரம் ஏறினால் நீண்ட இறக்கத்தில் சூட்டில் கொதித்துக் குமிழி விட்டு, லிவர் கைப்பிடி வரை வந்து படியும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் 1,400 மீட்டருக்கு மேல் உயரம் குறைகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய எண்ணெயை இங்கே தள்ளிப்போடக் கூடாது. இந்தக் குறைகளைக் காட்டிப் பேசியதில் அவர் முகம் கோணாமல் 58,000-க்குச் சம்மதித்தார். டயர், செயின் செட், எண்ணெய் எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய் ஆயிற்று. மிச்சம் 9,000. அதில் தலைக்கவசத்துக்கு மட்டும் பேரம் பேசாமல் வாங்கினோம்.

காகித வேலை சுருக்கமாக முடிந்தது. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்ததோடு ஒப்பிட்டோம். கடன் பதிவு இல்லை. இருந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் கேட்டிருக்க வேண்டும். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி உதகை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்தோம். 2018 செப்டம்பர் முதல் புதிய இரு சக்கர வாகனங்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து ஆண்டுக்கு எடுக்க வேண்டும் என்பதால் இதற்கு 2024 வரை காப்பீடு இருந்தது. அதையும் 14 நாட்களுக்குள் அவள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தோம்.

கற்றுக்கொண்டது

அவளிடம் இருந்தது கியர் இல்லாத வண்டிக்கான உரிமம் மட்டும். கியர் வண்டிக்குப் பழகுநர் உரிமம் எடுத்து, 30 நாள் கழித்துத்தான் தேர்வுக்குப் போக முடியும். அந்த ஒரு மாதம் அவளுக்குக் கிடைத்த வரம். தேர்வில் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். நீண்ட க்ரூசரில் எட்டு போடுவது மற்ற வண்டிகளை விடக் கடினம். நண்பரின் சிறிய வண்டியில் போய்த் தேர்வை முடித்துவிடலாம் என்று பலர் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். எட்டு போடுவது என்பது கொண்டை ஊசி வளைவைச் சமதளத்தில் பழகுவதுதான். காலை ஆறரைக்குப் பள்ளி மைதானத்தில் செங்கல் வைத்து, கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக அழுத்தி, பார்வையைச் சக்கரத்தில் வைக்காமல் போக வேண்டிய இடத்தில் வைத்து, மறுபடியும் மறுபடியும் எட்டு. ஏப்ரல் கடைசியில் உதகையில் சொந்த வண்டியிலேயே எட்டு போட்டுத் தேறினாள்.

அதற்குப் பின்தான் சாலை. ஏறும் கியரிலேயே இறங்கு, ஏறி வரும் வண்டிக்கு வழி விடு, நிறுத்தும்போது மூக்கு மேலே பார்க்க வேண்டும், முதல் கியரில் விட்டு ஸ்டாண்டு போடு. கடைசியாகச் சொன்னதை நான் சொன்னேனே தவிர, பழக்கிக் காட்டவில்லை. மூன்றாம் வாரம் குன்னூரில் ஒரு கடை முன்னால் அவசரத்தில் கீழ்நோக்கி நிறுத்தி, நியூட்ரலில் விட்டு இறங்கினாள். வண்டி முன்னால் உருண்டு, சைடு ஸ்டாண்டு மடங்கி, இடப்பக்கம் சாய்ந்தது. கிராஷ் கார்டு தாங்கியதால் டேங்கில் கீறல் இல்லை. கிளட்ச் லிவர் முனை உடைந்தது. 150 கிலோ என்பதால் இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். அன்று மாலையே எங்கள் தெருச் சரிவில் இருபது முறை நிறுத்தி எடுக்க வைத்தேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கனமாகப் பெய்யும். நவம்பரில் ஒரு மாலை, மழை தூறிக்கொண்டிருந்தபோது, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வளைவு திரும்பியதும் சாலை நடுவில் காட்டெருமை நின்றது. வேகம் 30 இருக்கும் என்கிறாள். இரண்டு பிரேக்கையும் அழுத்திவிட்டாள். முன் லிவர் விரலுக்கடியில் துடித்தது, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ஓரடி பக்கவாட்டில் வழுக்கியது, வண்டி நிமிர்ந்தே நின்றது. விளக்கைத் தணித்து, எஞ்சினை அணைக்காமல், அது புதருக்குள் இறங்கும்வரை காத்திருந்து வந்தாள். வீட்டில் இதைச் சொன்னபோது என் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய் அவளுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

220 சி.சி. வாங்கியிருந்தால் ஏற்றத்தில் இன்னும் சுகமாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். கட்டபெட்டு தாண்டி முன்னால் லாரி போனால் அவள் மூன்றாம் கியரில் பொறுமையாகப் பின்தொடர வேண்டியிருக்கிறது. அவளுக்கு அதில் குறை இல்லை. முதுகுக்கு மட்டும் குறை உண்டு: மழையில் பெயர்ந்த சாலையில் 40 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரும் நாட்களில் இடுப்பு வலிக்கிறது என்கிறாள். பின் ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தை அவள் எடைக்கு ஏற்ப ஒரு படி குறைத்திருக்கிறேன். ஓரளவு தேவலாம்.

இதை எழுதும்போது 2024 ஜனவரி. மீட்டரில் 21,900 ஓடியிருக்கிறது. போன வாரம் முன் பிரேக் பிடிக்கும்போது ஹேண்டில் அடியில் ஒரு மெல்லிய தட்டல் கேட்டேன். அவள் இன்னும் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முன்சக்கரத்தைத் தூக்கி, கோன்செட்டை அவளையே திருப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.